ராணி கலர் பூநாரை

நொய்யல் பக்கத்தில் பூநாரை இறங்கியிருக்கிறது, அதை முதலில் பார்த்தவன் நான்தான் என்று தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முடிந்த சமயத்தில் முழு மனதோடு நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினெட்டு நாள். அத்தனை நாளும் சவரம் செய்யும்போது முகத்தை இடது பக்கமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். பேப்பரில் போட்டோ போட்டால் எந்தப் பக்கம் நன்றாக இருக்கும் என்று பார்த்து வைக்க வேண்டாமா.

பூநாரை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆள் இடுப்புக்கு மேல் உயரம், குச்சிக் கால், உடம்பில் இளஞ்சிவப்பு, பாதியில் ஒடிந்து கீழே தொங்குவது போன்ற அலகு. கடலோர உப்புத் தண்ணீரில் நிற்கும் பறவை. கோயமுத்தூர்க்காரன் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கு இரவு பஸ் ஏற வேண்டும். நானோ திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், பஸ் ஜன்னலில், வாயில் ஆரஞ்சு மிட்டாயோடு பார்த்தேன். ஆற்றில் சேரும் ஒரு வாய்க்காலின் நடுவில் இளஞ்சிவப்பாக நின்றது. மிட்டாயை விழுங்கிவிட்டேன்.

அன்று மாலையே சங்கத்தில் சொன்னேன். சங்கம் என்றால் படம் எடுக்கிற பைத்தியங்கள் பதினோரு பேர், காந்திபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். வெளியில் இருந்து பார்த்தால் கழுத்தில் கேமரா மாட்டிய சாதுக்கள். உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அருவருப்பான கூட்டம். ஒருத்தர் ரயில் மட்டும்தான் எடுப்பார், அவரை ரயில்காரர் என்றே கூப்பிடுவோம். என்ஜின் புகையோடு வர வேண்டும், ஆனால் பிளாட்பாரத்தில் மனுசர்கள் இருக்கக் கூடாது என்று, மூட்டையோடு வண்டிக்கு நிற்கிற கிழவிகளைத் தூண் மறைவுக்கு விரட்டுவார். கொடுமுடிக்குப் போய் பரிசல்காரரை வெயிலில் ஒன்பது சுற்றுச் சுற்றவிட்டோம். பிறகு ஆள் வேண்டாம், பரிசல் மட்டும் போதும் என்று அவரை இறங்கச் சொன்னோம். பழைய பங்களாவை எடுக்கப் போனால் கொடியில் காயும் வேட்டியை அவிழ்த்து மண்ணில் போட்டுவிட்டு எடுப்போம்.

எங்கள் செயலாளர்தான் பறவைக்காரர். பெரிய லென்ஸ், பெரிய மீசை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி இருக்கும். கூட்டை மறைக்கிற இலைகளைக் கத்தரித்துவிட்டுக் குஞ்சுகளைப் படம் எடுப்பார். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் காக்கா இந்தப் பக்கம் வரும். கொக்குக் கூட்டம் பறக்கிற மாதிரி படம் வேண்டுமென்றால் கல் எறிய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். குறி தப்பாது என்று பெயர் வாங்கியிருந்தேன்.

இன்னொரு பெயரும் இருந்தது. லொள்ளுக்காரன். அதற்கு முந்தைய வருடம்தான், மார்க்கெட் பக்கத்து மணிக்கூண்டுக்குள் ஆந்தை குடும்பம் நடத்துகிறது என்று செயலாளரிடம் சொல்லி, அவரை இரண்டு சாயங்காலம் கேமரா ஸ்டாண்டோடு அங்கே நிற்க வைத்திருந்தேன். ஆகவே பூநாரை என்று நான் வாயைத் திறந்ததுமே பத்துப் பேரும் சிரித்தார்கள்.

"ஏனுங்க, பூநாரை பஸ்ல வந்துச்சுங்களா, நடந்து வந்துச்சுங்களா?" என்றார் ரயில்காரர்.

"சத்தியமாப் பார்த்தேனுங்க. என்ற ரெண்டு கண்ணால."

"மணிக்கூண்டு ஆந்தையும் இந்த ரெண்டு கண்ணுதானுங்களே பாத்துச்சு," என்றார் செயலாளர். "படம் கொண்டாங்க, நம்புறோம். இல்லீன்னா இந்த வருச எக்ஸிபிஷனுக்கு நீங்க பெஞ்சு தூக்கறதோட சரிங்க."

ஐந்து வருடமாக நான் பெஞ்சுதான் தூக்கிக்கொண்டிருந்தேன். என் படம் ஒன்றுகூட அந்தச் சுவரில் தொங்கியதில்லை. அதைவிட, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு உண்மையைச் சொல்கிறேன், ஒரு ஆளும் நம்பவில்லையே என்று டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு விடியற்காலை மொபெட்டில் போனேன். கேமரா என்னுடையது, லென்ஸ் மைத்துனனிடம் கெஞ்சி வாங்கியது. அந்த வாய்க்காலை எப்படிச் சொல்வது. அழுகிய முட்டையையும் டிங்க்சரையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினால் வரும் வாடை. மேலே சோப்பு நுரை மாதிரி ஒன்று, முழங்கை அளவு கனத்துக்கு, காற்றடித்தால் துண்டு துண்டாகப் பிய்ந்து பறந்து வந்து சட்டையில் ஒட்டியது. கரையில் பிளாஸ்டிக் பை, பனியன் வேஸ்ட், கோழிக்கடைக் கழிவு. ஒரு நாயின் பாதி. இந்த அழகுக்கு நடுவில் என் பூநாரை நின்றுகொண்டிருந்தது.

தூரம் அதிகம். கரையிலிருந்து எடுத்தால் படத்தில் கடுகு மாதிரிதான் தெரியும். கல் எறியவும் மனசில்லை, பறந்து போய்விட்டால் என் மானமும் கூடவே பறந்துவிடும். பேண்டைச் சுருட்டாமலே இறங்கினேன். சேறு முழங்கால் வரை இழுத்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டேன், நுரை உள்ளே போனது. அந்த ருசியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அப்படியே நின்று முப்பத்தாறு படம் எடுத்தேன். பறவை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நம்மைப் போல ஒரு ஜீவன் என்று நினைத்ததோ என்னவோ, தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது.

ரோல் முடிந்து கரையேறித் திரும்பிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே ரெண்டு காலும் ரத்தம்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்குச் சாட்சி ஒரே ஒரு அம்மாள்தான், கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். சேற்றில் கிடந்த கண்ணாடித் துண்டு கிழித்துவிட்டது, நரம்பு போய்விட்டது, இன்னும் பத்து நிமிடம்தான் என்று முடிவு செய்தேன். லென்ஸைக் கீழே வைக்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் நொண்டி, இரண்டு காலிலும் ரத்தம் என்பது ஞாபகம் வந்து அடுத்த காலுக்கு மாறி, அவரைப் பார்த்து ஓடினேன்.

"அம்மணி, காப்பாத்துங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ரத்தமில்லீங்க, சாயமுங்க. பட்டறைக்காரங்க உடறது. அதுக்கு முந்தி நீலமா வந்துச்சு, பத்து நாளா இதுங்க." வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்க ஆடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிருமுங்க. நீங்க எதுக்கு எறங்குனீங்க?" என்றார்.

பூநாரையைக் காட்டினேன். கடலோரத்தில் இருந்து வந்த விருந்தாளி என்றேன்.

"அதுங்களா? அது எந்நேரமும் இங்கதானுங்க நிக்கும்."

பாவம், விவரம் தெரியாத மனுசி என்று நினைத்துக்கொண்டேன். என் காலில் ஏறியது சாயம் என்று ஒப்புக்கொண்ட அதே மண்டை, அதே தண்ணீரில் கொஞ்சம் தள்ளி நிற்கிற பறவையைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. அந்த மண்டையை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டில் மனைவி என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, இந்தக் கோலத்துல உள்ள வந்தீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். அங்கியே நில்லுங்க."

தெரு பார்க்க, குழாயடியில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றினார். காலில் அரிப்பு ஒரு வாரம் போகவில்லை. பேண்டை மூன்று தடவை வெளுத்தும் முழங்காலில் ஒரு கோடு நின்றுவிட்டது. கோட்டுக்குக் கீழே முழுக்க ராணி கலர். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுக்கும்போது கேட்போமே, அதே ராணி கலர்.

புதன்கிழமை கிராஸ்கட் ரோட்டில் இருந்த கலர் லேபுக்குப் பிரிண்ட் வாங்கப் போனேன். லேப்காரர் கவரை நீட்டி, "கொக்கு நல்லா வந்திருக்குங்க," என்றார்.

பிரித்துப் பார்த்தேன். முப்பத்தாறு படத்திலும் வெள்ளைக் கொக்கு. ரோல் மாறிவிட்டது, என் பூநாரை வேறு யாருடைய சீமந்தப் படத்துக்குள்ளோ போய்விட்டது என்று கவுண்டர் பலகையைத் தட்டி நியாயம் கேட்டேன்.

"சித்த இருங்க. ரோல் உங்களுதுதான். கலர் கண்டபடி சிவப்படிச்சுதுங்க. ரோல் கெட்டுப் போயிருக்குமுன்னு நான்தானுங்க மிஷின்ல வெச்சுச் சரி பண்ணிப்போட்டேன்."

"சரி பண்ணச் சொல்லி உங்களை யாருங்க கேட்டா?"

"கொக்கு வெள்ளையாத்தானுங்க இருக்கோணும்," என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் காது அடைத்திருந்தது. முப்பத்தாறில் பளிச்சென்று இருந்த ஒரே படத்தை, கலரில் கை வைக்காமல், பெரிதாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். பறவை தலையைத் தண்ணீருக்குள் விட்டிருந்த படம் அது. வெள்ளைப் படங்களைக் கோபத்தில் பீரோவுக்குள் எறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய படத்தை மேசையில் வைத்ததும் சங்கமே எழுந்து நின்றது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். வளைந்த கழுத்து, இளஞ்சிவப்பு உடம்பு, அலகு தண்ணீருக்குள். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. இந்த வருசம் வாசலுக்கு நேரா உங்க படந்தான்."

ரயில்காரர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். ஐந்து வருடத்தில் முதல் நாற்காலி.

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, மனைவி பீரோவைச் சுத்தம் செய்தார். "இத்தனை கொக்குப் படம் எதுக்குங்க?" என்று அந்தக் கவரை என் மடியில் போட்டார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கும்போதே மேலாக இருந்த படம் கண்ணில் பட்டது. கொஞ்சம் ஆடிப்போன படம்தான். பறவை தலையைத் தூக்கியிருந்தது. அலகு ஒடியவில்லை, வளையவில்லை. மஞ்சளாக, சாக்குத் தைக்கிற கோணூசி மாதிரி நேராக இருந்தது. ஊரில் மாட்டுக்குப் பின்னால் நடக்கிற கொக்குக்கு அண்ணன், பெரிய கொக்கு. லேப்காரர் தன் மிஷினை வைத்து அதன் சாயத்தைக் கழுவிக் கொடுத்திருந்தார்.

மனைவி கொடியில் இருந்த பேண்டைப் பார்த்தார், சுவரில் சாய்த்திருந்த பெரிய படத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கலருங்க," என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வாய்க்காலுக்குப் போனேன். தண்ணீர் அன்றைக்குப் பச்சை. அதே அம்மாள் அங்கேதான் இருந்தார். நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டினார். கொக்கு நுரைக்குள் சாய்ந்து கிடந்தது. இறகெல்லாம் பசை தடவினது போல ஒட்டி, வயிறு ராணி கலரிலும் கால் பச்சையிலும் இருந்தது. கண்ணில் ஈ.

"அதுக்கு வாரத்துக்கொரு கலருங்க," என்றார் அவர். "முந்தாநேத்தே உழுந்துருச்சு."

கேமரா கழுத்தில்தான் தொங்கியது. அப்போதும் கை அதுவாக மூடியைக் கழற்றியது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கண் தேடியது. அதை நினைத்தால் அந்த நுரையின் ருசி இன்னும் வாயில் வருகிறது.

சனிக்கிழமை எக்ஸிபிஷன். வாசலுக்கு நேராக என் படம், கீழே செயலாளர் தன் கையெழுத்தில் எழுதிய அட்டை: நொய்யலில் பூநாரை. ஆட்கள் வந்தார்கள். "கலர் அருமையா இருக்குங்க," என்றார்கள். எல்லாரும் கலரைத்தான் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. செயலாளரையும் ரயில்காரரையும் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அது பூநாரை இல்லீங்க. கொக்கு. சாயத்தண்ணியில நின்னு கலர் ஏறிப்போச்சு. செத்தும் போச்சுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரயில்காரருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

"சாயத்துல முக்குன கொக்கு," என்று என் முதுகில் தட்டினார் செயலாளர். "ஜெயிச்ச பொறவும் உங்க லொள்ளு போகலீங்களே. மணிக்கூண்டு ஆந்தையை விட இது நல்லாருக்குங்க."

பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம்.

அந்த வெள்ளைப் படம், நேரான அலகு தெரிகிற படம், என் சட்டைப் பையில்தான் இருந்தது. காட்டத்தான் எடுத்துப் போயிருந்தேன். விரல் அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அது ஒரு பெரிய கொக்கு. சாயத்தண்ணீரில் நின்று இரை தேடியது, செத்துப்போனது. அதன் படம் இரண்டு நாள் சுவரில் தொங்கியது, ஞாயிற்றுக்கிழமை மாலை பெஞ்சுகளைத் தூக்கி அடுக்கும் வரை அட்டையில் பூநாரை என்றே இருந்தது.