அவன் பாயும் பக்கம்

எர்ரேரோஸ் கால்பந்து அணியின் சட்டைகளைப் பதினேழு வருடம் துவைத்தவள் எடெல்மிரா. ஒரே ஒரு வாக்கியம் அவளை வாசலுக்கு வெளியே தள்ளியது.

"பன்னெண்டு சட்டைய இவ பைக்குள்ள திணிச்சத என் கண்ணால பார்த்தேன்."

சொன்னவன் கோல்கீப்பர் ருத்திலியோ. உடைமாற்றும் அறையில் இருபது ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, அந்தச் சட்டைகளை ஞாயிற்றுச் சந்தையில் விற்றது ருத்திலியோவின் மச்சான்தான் என்று கொய்யாக்காரி ஒருத்தி வந்து சொன்னாள். அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. கோயில் பெஞ்சில் எடெல்மிரா உட்கார்ந்தால் பக்கத்துப் பெண் தன் கைப்பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொள்வாள். அந்தக் கைப்பை நகர்ந்த சத்தம் மூன்று வருடமாக அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

தோர்த்தோலாஸ் என்ற ஏழை அணி அவளைத் துணி துவைக்கச் சேர்த்துக்கொண்டு, மரியாதையாக 'டோன்யா' என்று அழைத்தது. அந்த டிசம்பரில் எர்ரேரோஸ் பட்டியலில் மூன்றாமிடம், தோர்த்தோலாஸ் ஆறாமிடம். கோப்பைக்காக முதல் எட்டு அணிகள் மோதும் லிகியாவில், காலிறுதியில் இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்றன.

முதல் ஆட்டத்தை தோர்த்தோலாஸ் தன் மைதானத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என வென்றது. இரண்டாவது ஆட்டம் எர்ரேரோஸ் மைதானத்தில், ஞாயிறு மதியம். கிளம்புவதற்கு முன் அணித்தலைவன் எவரார்தோவை அவள் ஓரமாக அழைத்தாள்.

"தம்பி, பெனால்ட்டி கிடைச்சா உன் வலப்பக்கம் அடி."

"என்ன டோன்யா, கனவுல மாதா வந்து சொன்னாங்களா?"

"மாதா எதுக்குடா? ஆட்டம் இறுகிப்போனா ருத்திலியோ தன் வலப்பக்கந்தான் பாய்வான். வலது இடுப்புல அப்பியிருக்கிற புல்லுக்கறைய எட்டு வருஷம் தேச்சவ நான். பயந்த அன்னிக்கு இடப்பக்கம் மடிப்புக் கலையாம வரும்."

எவரார்தோ சிரிக்கவில்லை. அவள் கண்களைப் பார்த்து, சரியென்று தலையாட்டினான்.

எழுபதாம் நிமிடத்தில் எர்ரேரோஸ் ஒரு கோல் போட்டது. இரண்டு ஆட்டமும் சேர்த்து ஒன்றுக்கு ஒன்று. சமன் என்றால் பட்டியலில் மேலே இருப்பவருக்கே அரையிறுதி. இது அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ருத்திலியோவுக்கும் தெரியும். அதனால் கூத்தாடத் தொடங்கினான். பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்தான். காலுறையை ஏற்றினான், இறக்கினான். காலைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"எழுந்திரிடா, மகராசா! பாயி கொண்டாரவா?" என்று தோர்த்தோலாஸ் ரசிகர்கள் கத்தினார்கள்.

தின்ற நேரத்தை நடுவர் திருப்பிக் கொடுத்தார். கூடுதலாக எட்டு நிமிடம். அவன் திருடிய நேரத்தின் ஏழாவது நிமிடத்தில் எர்ரேரோஸ் வீரன் ஒருவன் கையில் பந்து பட்டது. பெனால்ட்டி!

எவரார்தோ பந்தை வைத்தான். எடெல்மிரா ஈரத்துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இந்த ஒண்ணு போதும் தாயே, இந்த ஒண்ணு" என்று முணுமுணுத்தாள்.

ருத்திலியோ தன் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து மறுபக்கம் போய் வலையை உலுக்கியது.

ஆட்டம் முடிந்து வீரர்கள் சுரங்கப்பாதை வழியாக வந்தபோது அவள் நடுவழியில் நின்றாள்.

"அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?" ருத்திலியோ உறுமினான்.

"நாந்தான்."

"பழச இன்னும் மறக்கலையா நீங்க?"

"மறக்கல. அன்னிக்கு இருந்தவங்கல்லாம் இதோ நிக்கிறாங்க. இப்ப சொல்லு. அந்தப் பன்னெண்டு சட்டைய எடுத்தது யாரு?"

அவன் உடைமாற்றும் அறைப்பக்கம் நழுவப் பார்த்தான். தோற்ற கோபத்தில் எல்லோரும் அவனையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். முதுநிலைத் தடுப்பாட்டக்காரன் பல்தோமெரோ, அன்றைக்கு வாய்மூடி நின்றவர்களில் முதல்வன், அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"அந்தம்மா கேக்குறாங்கல்ல? உன் கூத்தாலதான் நாம இங்க நிக்கிறோம். சொல்லித் தொலைடா."

"நாந்தான்."

"காது கேக்கல," என்றாள் எடெல்மிரா.

"நாந்தான் எடுத்தேன்! நாந்தான் மச்சான் கையில குடுத்து வித்தேன்!"

சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்லின. பல்தோமெரோ அவள் முன் தலைகுனிந்தான். ருத்திலியோ முழங்காலிட்டு, குழந்தையைப் போல விம்மினான்.

"மன்னிச்சிருங்க டோன்யா..."

"மாட்டேன்."

அவள் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பேருந்தை நோக்கி நடந்தாள். அங்கே எவரார்தோவின் கூட்டம் அவள் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அந்த அழுகை விடாமல் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று அவள் நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.