கெட்ட வெப்சைட்டுக்கு ஓர் உதாரணம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் எங்கள் கொம்பியூட்டர் வகுப்பு இருந்தது. கட்டடமும் கடையும் வகுப்பும் மொஹிதீன் நானாவுடையவை. மேலே மேசை போட்டு உட்கார்ந்து பிள்ளைகளைச் சேர்ப்பதும், டெலிபோன் எடுப்பதும், பிந்தி வருகிறவர்களைத் திட்டுவதும் என் வேலை. என் பெயர் றம்ஸியா. படிப்பித்தவர் ரஜீவ். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ரஜீவ் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பா பொன்னையாவுக்கும் அம்மாவுக்கும் தோட்டத்திலேயே வேலை. பாடசாலையில் உயர்தர வகுப்பு முடித்ததும் கூடப் படித்தவர்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் பஸ் ஏறினார்கள். இவர் மட்டும் பதுளையோடு இறங்கிக்கொண்டு கொம்பியூட்டர் படித்தார். படித்த இடத்திலேயே படிப்பிக்கவும் தொடங்கினார். வகுப்பில்லாத நேரங்களில் கடைகளுக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பார்.

கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய்! எந்தக் கொம்பியூட்டர் மொழியைப் பற்றிக் கேட்டாலும் பக்கத்து லயத்துக்காரனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

"பிஎச்பி நம்ம ஆளுங்க. கூப்பிட்டா வரும், குடுத்த வேலையச் செய்யும், சண்டைக்கு நிக்காது. இந்த ஜாவா இருக்கே, அதுகிட்ட ஒரு வணக்கம் சொல்லச் சொன்னா போதும், ஒங்க தாத்தா பேரு என்னா, எந்தத் தோட்டம், எத்தனாம் நம்பர் மலையில கொழுந்தெடுக்கிறீங்கன்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வாயத் தொறக்கும். பேர்ள்ல எழுதினா எழுதினவனுக்கே மறுநாள் வெளங்காது."

வெப்சைட் என்றால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீல இணைப்பு. அவ்வளவுதான். பாட்டு பாடக்கூடாது, எழுத்து மின்னக்கூடாது, படம் ஓடக்கூடாது. எல்லாவற்றையும் நோட்பேடில் கையால் எழுதுவார். வேறு மென்பொருளை வைத்துச் செய்வது அவருக்குக் கடைச் சாப்பாடு. எங்கள் வகுப்பின் இழுபறி இன்டர்நெட் லைனில், ஒரு பிளேன்டீயைக் குடித்து முடிப்பதற்குள் பக்கம் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதற்காகவே என்னிடம் பிளேன்டீ கேட்பார். நான் போட்டுக் கொடுக்கவேண்டும். அவர் வெப்சைட்டை அளக்க என் சீனி!

2004ஆம் ஆண்டு, அவர் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் பாடசாலைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றது. சங்கத் தலைவர் குமாரசிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பசறையிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவர். ரஜீவ் இந்த வேலைக்காக உயிரை விட்டார். கனடாவிலும் கட்டாரிலும் இருக்கிற பழைய மாணவர்கள் எல்லாம் பார்க்கப் போகிற பக்கம். அதன் அடியில் 'வடிவமைப்பு: பொன்னையா ரஜீவ்' என்று வரவேண்டும். வெறும் ரஜீவ் இல்லை. அப்பாவின் பெயரும் சேர்ந்து வரவேண்டும். அந்தப் பாடசாலை வாசலில் பொன்னையா பல தடவை நின்றிருக்கிறார், ஒரு தடவையும் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லையாம். அதை ரஜீவ் என்னிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறுக்கே வந்தான் சுபாஸ்.

சுபாஸின் அப்பா மாவட்ட அரசாங்க அலுவலகமான பதுளைக் கச்சேரியில் கிளாக்கர். பையன் சில வருடம் அதே பாடசாலையில் படித்துவிட்டுக் கொழும்பில் டிப்ளோமா எடுத்தவன். ஊருக்கு வந்தவன், தானும் ஒரு வெப்சைட் செய்து தருகிறேன் என்றான். குமாரசிங்கம் மாஸ்டர் யாருடைய மனதையும் நோகடிக்க விரும்பாதவர். இருவரும் ஆளுக்கொன்று செய்யட்டும், பொதுக்கூட்டம் வரைக்கும் இரண்டும் இருக்கட்டும், எதை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அதையே வைத்துக்கொள்வோம் என்றார். இரண்டிலும் கீழ்மூலையில், பார்த்த எண்ணிக்கையைக் காட்டும் ஒரே மாதிரியான 'எண்ணி' ஒன்று பூட்டப்பட்டது. பக்கத்தை யாராவது திறந்தால் அந்த எண் ஒன்று கூடும்.

சுபாஸின் பக்கம் வந்த அன்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் திறந்தோம். முதலில் இருட்டு. பிறகு ஒரு தேயிலைச் செடி மெதுவாக முளைத்து வளர்ந்தது. புல்லாங்குழல் கேட்டது. பாடசாலைச் சின்னம் சுழன்று வந்து நின்றது. ஆசிரியர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து கொழுந்தில் உட்கார்ந்தன. எனக்கு வாயைத் திறந்தபடி பார்க்கத் தோன்றியது. பக்கத்தில் ரஜீவ் இருந்ததால் மூடிக்கொண்டேன்.

"ரெண்டு பிளேன்டீ குடிக்கலாம்" என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன பெயர் சொல்ல? சுபாஸ் புதுச் சப்பாத்துப் போட்டால் பொறாமை. சுபாஸ் கதிர்காமத்துக்குப் போனால் பொறாமை. பஸ் நிலையத்தில் சுபாஸ் எதிரே வந்தால் இவர் புத்தகக் கடைக்குள் நுழைந்து தேவையில்லாத பேனையொன்றை வாங்கிக்கொண்டு வருவார். "கொழும்புல படிச்சா பெரிய கொம்பா?" என்று என்னிடம் கேட்பார். நானா கொழும்பில் படித்தேன்?

அதன் பிறகுதான் அந்த வேலையைத் தொடங்கினார். வகுப்பில் வெள்ளைப் பலகையில் 'கெட்ட வெப்சைட்டுக்கு ஓர் உதாரணம்' என்று எழுதினார். பிள்ளைகளைச் சுபாஸின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். எல்லா மெஷினிலும் தேயிலை முளைத்தது, எல்லா மெஷினிலும் குழல் ஊதியது.

"பாத்தீங்களா? நமக்கு வேண்டியது டீச்சர் பேரு. அது வர்றதுக்குள்ள ஒரு செடிய நட்டு வளத்துட்டான். இன்னொருக்கா தொறங்க. பாட்டு எந்த எடத்துல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மறுபடி தொறங்க. நிப்பாட்ட ஒரு பட்டன் இருக்கா? இல்ல! பாக்கிறவனக் கட்டிப் போட்டுட்டு ஆட்டம் காட்டுறான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரஜீவுக்கு முகம் மலர்ந்தது. காலை வகுப்புக்கும் அதே பாடம், பின்னேர வகுப்புக்கும் அதே பாடம். நிறத்தைப் பற்றிப் படிப்பித்தாலும் சுபாஸ், எழுத்தின் அளவைப் பற்றிப் படிப்பித்தாலும் சுபாஸ்.

எனக்கே அலுத்துப்போயிற்று. "ஒங்கட சைட்டயும் ஒருக்கா காட்டுங்களேன் ரஜீவ். நல்லதுக்கு உதாரணமா."

"நம்ம வேலைய நாமளே காட்டி, பாருங்க பாருங்கன்னு சொல்றது மரியாத இல்ல றம்ஸியா. நல்லாருந்தா அவங்களே தேடிப் போவாங்க."

அந்த மரியாதையில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. அவருடைய எண்ணி ஊர்ந்தது. சுபாஸின் எண்ணி ஓடியது. ரஜீவ் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "அவனே வீட்ல ஒக்காந்து திரும்பத் திரும்பத் தட்டுறான். வேற எப்படி ஏறும்?" என்றார். அந்த ஆத்திரத்தில் அடுத்த வகுப்பில் இன்னும் இரண்டு தடவை திறக்க வைத்தார்.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில். ரஜீவ் என்னையும் கூப்பிட்டார். பொன்னையாவையும் அழைத்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, கடைசி வரிசைக் கதிரையின் நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார். ரஜீவ் அவரை எழுப்பி முன்வரிசையில் உட்கார வைத்தார்.

குமாரசிங்கம் மாஸ்டர் இரண்டு எண்களையும் வாசித்தார். சுபாஸுடையது ரஜீவுடையதைப்போல் பல மடங்கு. மண்டபம் கைதட்டியது. விஷயம் புரியாமல் பொன்னையாவும் சேர்ந்து தட்டினார்.

ரஜீவ் எழுந்துவிட்டார். "சேர், இது செல்லாது. அந்த எண்ணிக்கு ஆளத் தெரியாதுங்க. நூறு பேரு ஒருக்காத் தொறந்தாலும், ஒரே ஆளு நூறு தடவ தொறந்தாலும் அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு எடத்துல ஒக்காந்து, காலையிலயும் பின்னேரமும் திரும்பத் திரும்ப..."

அங்கே பேச்சு நின்றுவிட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. கொம்பியூட்டரின் குடலை உருவிப் பார்க்கிற மனிதர், தன் வகுப்பின் மெஷின்களை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

"அப்பிடி ஆர் தம்பி வேலை மினக்கெட்டு இருந்து திறக்கப் போகினம்?" என்று கேட்டார் குமாரசிங்கம் மாஸ்டர்.

"இல்லீங்க சேர்" என்று ரஜீவ் உட்கார்ந்தார். சுபாஸின் பக்கமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் தேநீரும் வடையும் கொடுத்தார்கள். நாங்கள் மூவரும் சுவரோரமாக நின்றோம். ரஜீவ் எப்படியாவது ஓடிவிடப் பார்த்தார், பொன்னையா வடையை முடிக்கவில்லை. அதற்குள் சுபாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்துவிட்டான்.

"அண்ணை, உங்கடை வகுப்பிலை படிக்கிற மயூரி எனக்குச் சொந்தம். எல்லாம் சொன்னவ. என்ரை சைட்டை வைச்சுத்தான் நீங்கள் படிப்பிக்கிறனீங்களாம். பிள்ளையளுக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சாம், இப்ப நீங்கள் சொல்லாமலே திறந்து பாக்கினமாம். போட்டியிலை நிண்டுகொண்டு எனக்கு ஆர் அண்ணை இப்பிடிச் செய்வினம்? பெரிய மனசு உங்களுக்கு."

அவன் கேலி செய்யவில்லை. கண்ணைப் பார்த்தேன், நிஜமாகவே ஈரமாக இருந்தது. அதுதான் தாங்க முடியாதது. பலகையில் எழுதியிருந்த தலைப்பை மயூரி அவனுக்குச் சொல்லவில்லைபோலும். நல்ல பிள்ளை.

பொன்னையா நிமிர்ந்தார். மகன் தோற்றுவிட்டான் என்று அதற்குள் யாரோ சொல்லியிருந்ததால் அதுவரை குனிந்தே வடையைத் தின்றுகொண்டிருந்தவர். இப்போது வடையைக் கீழே வைத்துவிட்டு, சுபாஸின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எம்மகன் சின்ன வயசுலருந்தே அப்படித்தாங்க தம்பி. அடுத்தவன் நல்லா வந்தா அவனுக்குச் சந்தோசம். எங்க லயத்துல யார வேணும்னாலும் கேளுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்களையும் கூப்பிட்டு அதையே சொன்னார். குமாரசிங்கம் மாஸ்டர் வந்து அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ ஐயா" என்றார். பொன்னையா உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்.

எல்லோரும் ரஜீவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றார் கடைசியில். "நல்லாருக்கு. நல்லாருக்குன்னுதான் காட்டினேன்."

அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு மனிதர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.