பட்டன் பாம்பு

துணி வெட்டுகிற கத்திரியால் அட்டை வெட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தையல் தெரிந்த எவனிடமும் கேட்டுப் பாருங்கள். பெண்டாட்டி நகையைக் கேட்டால் கழற்றித் தருவான், கத்திரியைக் கேட்டால் முறைப்பான். காகிதமும் அட்டையும் பட்டால் கத்திரியின் வாய் மழுங்கிவிடும். அப்புறம் மெல்லிய துணியில் வைத்தால் வெட்டாது, மென்று துப்பும்.

என் அண்ணி அதைத்தான் செய்தார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, வருஷக்கணக்காக. செருப்புப் பெட்டி மூடி, சோப்புப் பெட்டி, காலண்டர் அட்டை என்று கைக்கு எது அகப்பட்டாலும் என் கத்திரியைத்தான் எடுப்பார். நான் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் மேஜையில் அட்டைத் தூளாகக் கிடக்கும். சாணை பிடிக்கிறவர் கத்திரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "மாஸ்டர், நீங்க துணி தைக்கிறீங்களா, பெட்டி செய்றீங்களா?" இப்போதும் அதையேதான் கேட்கிறார். 

"வீட்டுல வேற கத்திரியே இல்லையா அண்ணி?"

"இருக்கு தம்பி. எதுவும் வெட்ட மாட்டேங்குது."

"இனிமே இதுவும் வெட்டாது."

"அப்ப எல்லாம் ஒண்ணாயிடுச்சு. சண்டை முடிஞ்சுது." சிரித்துக்கொண்டே திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

திரை என்றேன் அல்லவா, எங்கள் வீடு அப்படி. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு பழைய படுக்கை விரிப்பு. இந்தப் பக்கம் என் வெட்டு மேஜை, இரண்டு மெஷின், இஸ்திரிப் பெட்டி. அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வந்தால் குளிப்பார், தூங்குவார், கிளம்புவார். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. பேச வந்தவர்கள் என் வாயைக் கேட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை எனக்குப் போதுமானதாக இருந்தது.

அண்ணிக்கு ஒரே பெண். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்பிடம் என் மேஜைக்கு அடிதான். தைத்து முடித்த சட்டைகளில் தொங்குகிற நூலைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பட்டன் வரிசை கோணலாக இருந்ததை என் கண்ணுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

"இன்ஸ்பெக்டரம்மா, இந்த உருப்படி பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயில். காலர்ல சாக்பீஸ் கோடு தெரியுது."

"ஒரு மிட்டாய் தர்றேன், விட்டுடுங்க."

"ரெண்டு தந்தா பாஸ் சித்தப்பா."

இப்படி இருந்தவள், நூல் பிய்க்க முடியவில்லை என்று சட்டையை என் மடியில் போட ஆரம்பித்தாள். பால் டம்ளர் கையிலிருந்து நழுவியது. கொழுப்பு என்று நினைத்தோம். பிறகுதான் ஆஸ்பத்திரி, பரிசோதனை, பெரிய டாக்டர். அவர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். கைக்குப் போகிற பலம் குறைந்துகொண்டே வரும். ஏறாது, இறங்கும். மருந்து கிடையாது. விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் இறங்குவது கொஞ்சம் மெதுவாகலாம்.

அண்ணன் அன்று சாயங்காலமே தூரத்து லோடு ஒன்றை ஒத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அவருக்குப் பக்கத்து ஊர் லோடே கிடைக்கவில்லை.

அண்ணி எங்கே போவார்? தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "இங்க ஆயா கிடையாதும்மா. ஒவ்வொரு குழந்தையா நான் பார்த்துக்க முடியாது. சட்டை பட்டனை மட்டும் அவளே போட்டுக்கட்டும். போட்டுக்கிட்டா கூட்டிட்டு வாங்க, சேர்த்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையை அண்ணி பிடித்துக்கொண்டார். பட்டன் போட்டால் பள்ளிக்கூடம். அவ்வளவுதான். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அட்டை வெட்டு. செருப்புப் பெட்டி மூடியில் மீன் வரைந்து, வெட்டி எடுத்து, மீனைச் சுற்றி ஆணியால் ஓட்டை போட்டார். ஒரு ஷூ லேஸைக் கொடுத்து, உள்ளே விடு, வெளியே இழு என்றார். அதுதான் முதல் தையல். லேஸ் முனையில் மெழுகு தடவியிருந்ததால் பிரியாமல் நின்றது. என்னுடைய கிழிந்த சாக்ஸ் ஒன்று காணாமல் போயிற்று. மறுநாள் அது கழுத்தில் நாடா கட்டிக்கொண்டு, வயிறு நிறையக் கழிவுத் துணியோடு, இரண்டு பட்டன் கண்ணால் என்னைப் பார்த்தது.

"சித்தப்பா, இவரு உங்க தம்பி," என்றாள் இன்ஸ்பெக்டர். "மூஞ்சி அப்படியே இருக்கு."

பெண்ணுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தெருப் பிள்ளைகளையும் அண்ணி கூப்பிட்டு உட்கார வைத்தார். என் கடைக்குள் நடக்க இடமில்லை. ஒன்று பைக்குள் பை தைக்கும், ஒன்று துணிப் புத்தகத்தில் ஆப்பிள் ஒட்டும், ஒன்று என் அளவு நாடாவை வாலாகக் கட்டிக்கொண்டு ஓடும். எதிர்வீட்டுச் சின்னப் பெண் மீன் அட்டையிலிருந்து மொட்டை ஊசிக்கு வந்தாள், மொட்டை ஊசியிலிருந்து நிஜ ஊசிக்கு வந்தாள், அப்புறம் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் மேலே ஏறிப் போயின. எங்கள் பெண் மட்டும் நிஜ ஊசி வரை போய்விட்டு மறுபடி மொட்டை ஊசிக்கு வந்தாள். அங்கிருந்து ஷூ லேஸுக்கு வந்தாள்.

எல்லாவற்றிலும் அண்ணி நம்பியது பட்டன் பாம்பை. ஒரு நாடா. ஒரு முனையில் துணியில் தைத்த பாம்புத் தலை, மறு முனையில் ஒரு பட்டன். கோட்டுத் துணியில் உள்ளங்கை அளவுத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கீறல். பட்டனைக் கீறலுக்குள் நுழைத்து இழுத்தால் துண்டு நாடாவில் ஏறிக்கொள்ளும். எல்லாத் துண்டும் ஏறினால் பாம்புக்கு உடம்பு வந்துவிடும். பட்டன் போடப் பழகுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று அண்ணி யாரிடமோ கேட்டு வந்திருந்தார்.

துண்டுகளை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். கீறிவிட்டு அப்படியே விட எனக்கு மனம் வராது. கோட்டுக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் ஓட்டை ஓரத்தைச் சுற்றித் தைத்துக் காஜா எடுத்தேன், கையால், நெருக்கமாக. நல்ல காஜா என்றால் பட்டன் போகும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். போனபின் தானாகக் கழலக் கூடாது. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வித்தைதான்.

"இவ்வளவு இறுக்கமா எதுக்கு தம்பி? பாம்புதானே?"

"பாம்புன்னா? என் கடையிலிருந்து போற பாம்பு."

முதலில் இன்ஸ்பெக்டர் திணறினாள். பிறகு மெல்ல மெல்ல அண்ணி நல்ல செய்தியாகக் கொண்டுவர ஆரம்பித்தார். இன்றைக்கு இரண்டு கோர்த்தாள். இன்றைக்குப் பாதிப் பாம்பு. ஒரு நாள் திரையை விலக்கிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் நிற்பதுகூடப் பார்க்காமல் கத்தினார்: "தம்பி, வால்லேர்ந்து தலை வரைக்கும் போட்டுட்டா!" நானும் நம்பினேன். டாக்டருக்கு என்ன தெரியும், படித்துக் கெட்டவன் என்று வாடிக்கையாளரிடமே சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போக நீலத்தில் ஒரு கவுன் தைத்தேன். முன்பக்கம் திறக்கிற கவுன், பெரிய வெள்ளைப் பட்டன்கள். அண்ணி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் அம்மாவும் பெண்ணும் கிளம்பினார்கள். அண்ணி அன்றைக்கு எனக்கு டீ போடவே மறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அண்ணி நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டார். என்ன நடந்தது என்று இன்ஸ்பெக்டர்தான் சொன்னாள். தலைமை ஆசிரியை பட்டனைப் போடச் சொல்லியிருக்கிறார். இவள் எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டாள். எழுந்து நின்றதும் ஒவ்வொன்றாகத் தானே கழன்று கவுன் திறந்துகொண்டது. மறுபடி போட்டாள், மறுபடி கழன்றது. "ஏம்மா, முதல்ல நல்ல தையல்காரர்கிட்ட குடுத்துத் தைங்க," என்றாராம் ஆசிரியை. பிறகு பாவம் பார்த்து, பள்ளிக்கூடத்துச் சட்டை ஒன்றை எடுத்து வந்து, இதில் போட்டுக் காட்டு என்றிருக்கிறார். அதில் இவளால் ஒன்றுகூடப் போட முடியவில்லை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதுகூட அப்புறம்தான். என் காஜாவிலிருந்து பட்டன் கழன்றதா? கவுனை எடுத்து மேஜையில் விரித்தேன். காஜா ஒவ்வொன்றும் பிளேடால் நீளமாகக் கீறப்பட்டு, ஓரம் பிரியாமல் இருக்க மேலே கோணல் தையல் போடப்பட்டிருந்தது. அண்ணி கைத் தையல். பாம்பை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு கீறலோடு நிற்கவில்லை. கீறி, தைத்து, மறுபடி கீறி, மறுபடி தைத்து, என் காஜா இருந்த இடமே தெரியவில்லை. ஓட்டைக்குள் என் கட்டைவிரல் போய் வந்தது.

"யாருடி இதைப் பிரிச்சது?" என்று கத்திவிட்டேன். குழந்தை என்று பார்க்கவில்லை.

அவள் திரைப் பக்கம் பார்த்தாள். பிறகு மேஜைக்கடியிலிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அம்மாதான் சித்தப்பா. நான் தூங்கினப்புறம் வெட்டுவா. கத்தாதீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே இன்ஸ்பெக்டர்," என்றாள். "தினம் காலையில பார்ப்பேன். ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்கும்."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"போட்டுட்டேன்னு சொன்னா அம்மா சாப்பிடுவா. போடலைன்னா அன்னிக்குச் சாப்பிட மாட்டா." திரைப் பக்கம் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னும் சொல்லிடாதீங்க," என்றாள்.

நான் கவுனை மடித்து வைத்தேன். அண்ணியிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்து, துணி சரியில்லை, வழவழப்பாக இருக்கிறது, அதனால்தான் பட்டன் கழன்றது என்றார். ஆமாம், துணிதான் சரியில்லை என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகும் அண்ணி விடவில்லை. பள்ளிக்கூடத்துப் பேச்சு நின்றுபோனது, பாம்பு மட்டும் நிற்கவில்லை. பாம்பு வாலில் இருந்த சட்டை பட்டன் பெரிய கோட்டு பட்டன் ஆனது. அதுவும் விரலில் நிற்காமல் போனபோது, அட்டையை வட்டமாக வெட்டி, துணி சுற்றி, அதையே பட்டனாக வைத்தார். அந்த வட்டம் வளர்ந்துகொண்டே போய் டீ டம்ளர் வாய் அளவுக்கு வந்தது. அத்தனைக்கும் என் கத்திரி. நான் அவருக்கென்று புதுக் கத்திரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது ஆணியில் தொங்கியது.

"அது ஆணிக்கு நகையா அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அன்றைக்குத்தான் காரணம் சொன்னார். "அது ஓரத்துல பிசிறு விடுது தம்பி. பிள்ளை விரலைக் கீறுது. கீறினாக்கூட அவளுக்குக் கையைச் சட்டுனு இழுத்துக்க முடியல. உங்க கத்திரி வெட்டினா வழவழன்னு இருக்கு."

கேட்ட பிறகும் எனக்குக் கோபம் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று வந்தது.

தன் வயிற்றில் கட்டி இருந்ததையும் அண்ணி அப்படித்தான் சொல்லாமல் வைத்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். குனிந்து குனிந்து தைக்கிறார், அதனால் என்று நினைத்தேன். அவர் வாய் திறந்தபோது டாக்டர்கள் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பெண்ணைக் காட்டிய அதே ஆஸ்பத்திரியில் அம்மாவைப் படுக்க வைத்தோம். அண்ணன் வெளியே பெஞ்சில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வரச் சொன்னால், வர்றேன், நீ போ என்பார்.

இன்ஸ்பெக்டரைக் கடையில் நாற்காலியில் சாய்த்து, முழங்கைக்கு அடியில் துணி மடித்து வைத்து, எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மத்தியானம் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அண்ணி கேட்பது ஒரே கேள்வி.

"இன்னைக்குக் கோர்த்தாளா?"

"கோர்த்தா."

"முழுசுமா?"

"வால்லேர்ந்து தலை வரைக்கும்."

அட்டைப் பட்டனை அவள் விரல்களுக்கு நடுவில் நான் வைப்பேன், துண்டையும் நானே பிடிப்பேன். அவள் தள்ளுவதுபோல முகத்தை மட்டும் சுளிப்பாள். இழுப்பதும் நான்தான். "பாஸா ஃபெயிலா?" என்று கேட்டால், "அம்மாகிட்ட பாஸ்னு சொல்லிடுங்க," என்பாள்.

கடைசியாக நான் போன மத்தியானம் அண்ணிக்குக் குரல் எழும்பவில்லை. பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். குனிந்தேன்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. அவ கோர்த்ததெல்லாம் அவ பலத்துல இல்ல. நான் ஓட்டையை வெட்டி வெட்டிப் பெருசாக்கிக்கிட்டு வந்தேன். உங்க காஜாவைத்தான்."

"அப்படியா?" என்றேன்.

"பெரிய மாஸ்டர்னு பேரு. கண்ணுக்கு முன்னாடி இருந்தது தெரியலையா உங்களுக்கு?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. இருமல் அடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் ஒன்றுமில்லை.

"இனிமே நீங்க வெட்டுங்க தம்பி. அவ தூங்கினப்புறம் வெட்டுங்க. வெட்டின இடம் தெரியாம தைச்சுடுங்க, உங்க கை நல்ல கை. அட்டைக்கு உங்க பழைய கத்திரியையே எடுத்துக்குங்க. அவளுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது."