லேத்துக்காரனின் நாலு விரல்

என் அக்கா வீட்டுக்காரர் பகலெல்லாம் முயல் வரைகிறார். குழந்தைகளுக்கான கார்ட்டூன் முயல், கம்பெனி வேலை. அந்த முயலுக்குக் கைக்கு நாலு விரல்தான். ஒரு விரலைக் குறைத்தால் ஆயிரக்கணக்கான படங்களில் அவ்வளவு வேலை மிச்சம் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தால் மாமாவுக்குச் சொந்தப் படம். அதுவும் கார்ட்டூன்தான், ஆனால் பெரியவர்களுக்கு. லேத் பட்டறையில் இரும்பு கடையும் ஒருவன், சாராயக் கடை, அடிதடி, காது கூசும் பேச்சு. அந்தப் பேச்செல்லாம் என் குரல், ஓசியில். வெளிச்சத்தம் பதிவாகாமல் இருக்கப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கெட்ட வார்த்தை பேசுவேன்; அக்கா ஃபேனை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். மாமா வரைந்ததற்கெல்லாம் கலர் போடுவது அவள்தான்.

சாப்பாட்டு மேசை முழுக்கக் கம்ப்யூட்டரும் ஒயரும். வருஷக்கணக்காகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் மேசையைக் காலி செய்து தருவதாக அக்காவுக்கு வாக்கு.

அந்தக் காட்சியில் லேத்துக்காரன் அடிபட்டு வீடு திரும்பிக் கதவைத் தட்டுகிறான். பெண்டாட்டி திறக்கவில்லை. அத்தோடு படம் முடிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா அதைப் போட்டுக் காட்டினார். தட்டுகிற கை திரை நிறைய வந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, இவனுக்கு அஞ்சு வெரல்தானே இருந்துச்சு?"

மாமா குனிந்து எண்ணினார். நாலுதான். முயலுக்குப் பழகிய கை வேலையைக் காட்டிவிட்டது. அவர் முகம் செத்துவிட்டது. கை வரும் படம் அத்தனையையும் திரும்ப வரைய வேண்டும், இன்னும் அரை வருஷம்.

அக்கா துணி மடித்துக்கொண்டே, "லேத்துல போயிருக்கும்" என்றாள்.

சட்டையில் பொத்தான் மாறியிருந்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிப்பவள் அவள். மாமா அவளையே பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கலர் போட்ட அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி வரைவீங்க. எனக்குத் தெம்பு இல்லைங்க."

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்கும் அவரிடம் தெம்பு இல்லை. எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமா போர்வையை எடுத்து என் தலையில் போட்டார். கதவைப் பார்த்து நிற்பவனுக்கு முதுகுதான் தெரியும், வாயசைவு வரைய வேண்டியதில்லை. ஒரு வரி பேச்சைச் சேர்த்தால் போதும்.

"கதவத் தெற. லேத்துல வெரல் போச்சு" என்றேன்.

எப்போதும் பத்துத் தடவை சொல்ல வைப்பவர், முதல் தடவையே சரி என்றுவிட்டார்.

மறுபடி போட்டுப் பார்த்தோம். லேத்துக்காரன் சொன்னான், தட்டினான். கதவு மூடியே இருந்தது. இப்போது அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"வெரல் போச்சுங்கிறான். இனிமே அவ தெறக்காம இருப்பாளா?" என்று மெதுவாகக் கேட்டார் மாமா.

"தெறந்தா, அதையும் வரையணுமா?" என்றாள் அக்கா.

"வரையணும்."

அவள் மேசையைப் பார்த்தாள்.

"அப்ப வேணாம். மூடியே இருக்கட்டும்."