வயசு தெரிந்தே வாங்கிய கையெழுத்து

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் கூடை சுமந்து இட்லி விற்ற அம்மாவுக்கு, அடி அண்ணாமலையில் ஒரு கடை போட ஆசை. இடத்துக்காரர் பதினோரு மாச வாடகைக்கு ஒத்துக்கொண்டார். அக்ரிமெண்டில் கைரேகை வைக்கப் போன அம்மாவைத் தடுத்தார்.

"எதுக்கும்மா? படிச்ச பையன் இருக்கான், அவன் போடட்டும்."

எங்கள் வீட்டிலேயே கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான்தான். பெருமையாகப் போட்டேன். அம்மா முகமெல்லாம் சிரிப்பு.

கடன் வாங்கிக் கொட்டகை போட்டோம். தீபம் நெருங்கியதும் வேறொருவர் ஜாஸ்தி வாடகை தருவதாக வந்தார்.

"காலி பண்ணுங்க," என்றார் இடத்துக்காரர்.

"அக்ரிமெண்ட் இருக்குங்களே!" என்றேன்.

"உனக்குப் பதினேழு வயசு தம்பி. பதினெட்டு ஆகாதவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பிளஸ் டூ படிக்கிற, இதுகூடத் தெரியாதா?"

அம்மா கேட்டார்: "நான் ரேகை வெச்சிருந்தா செல்லுமாங்க?"

"செல்லும்."

"அப்ப தெரிஞ்சேதான் என் கையத் தள்ளிவிட்டீங்க."

மறுநாளே இடத்துக்காரர் ஆள் வைத்துக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்.

சின்னப் பையன்களை யாரும் ஏமாற்றக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம் வந்ததாம். சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை படித்துவிட்டான் என்று அம்மா பட்ட சந்தோஷத்தையே பிடித்து எங்களை ஏமாற்றினாரே, அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.