எழுபத்தைந்து டிகிரியில் மிஞ்சுவது

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு நொதி செய்கிறோம். நோய்ப் பரிசோதனைக்குப் போவது. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரின் சொத்து அது. அதன் மரபணுவை வாங்கிக்கொண்ட சாதாரண நுண்ணுயிர் எங்களுக்காகச் செய்து தருகிறது. உடைத்த செல்களின் கரைசலை எழுபத்தைந்து டிகிரியில் வைத்தால் மற்றப் புரதமெல்லாம் வெந்து, திரிந்த பால்போல் ஆகிவிடும். ஊற்றுக்காரன் மட்டும் அசையாமல் நீரில் கிடப்பான். சுழற்றினால் திரிந்தது அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவுதான் எங்கள் பிழைப்பு.

படப்பையில் எனக்கு மொட்டைமாடித் தகர அறை. மனைவி கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. போன மே மாதம் வந்தவள் தகரத்தின் வெக்கை தாங்காமல் பதினோரு நாளில் பெட்டியைக் கட்டினாள். அப்போதுதான் இந்த நொதியின் கதையைச் சொன்னேன். அது சூட்டைப் பொறுத்துக்கொள்வது மட்டுமில்லை, அந்தச் சூட்டில்தான் அதற்கு வேலையே ஓடும், நம் வெயில்கூட அதற்குக் குளிர் என்றேன். ஏதோ ஒரு ஆசையில் சொன்னது.

"அதுக்கு அது ஊரு," என்றாள். "எனக்கு இது ஊரா?"

இருந்தும் இந்த ஆண்டு இடமாறுதல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள். எனக்குப் பக்கத்தில், குன்றத்தூர்ப் பள்ளி ஒன்றில் காலியிடம் இருந்தது. அவள் முறை வந்த காலையில் என் போன் லாக்கரில். லேபுக்குள் போன் கூடாது. சுழற்றிய குப்பியைக் கையில் எடுத்தேன். மனம் குன்றத்தூரில் வீடு பார்த்துக்கொண்டிருந்தது. தகரமில்லாத கூரை. மலைக்கோயில் தெரிய இரண்டு ஜன்னல், இல்லை, மூன்று.

ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் பால் திரிந்தால், நீரைக் கொட்டிவிட்டுத் திரட்டில் சர்க்கரை போட்டுத் தின்பது எங்களைப் போன்ற அறைவாசிகளின் வழக்கம். கை அதைச் செய்தது. தெளிவு முழுக்க பிளீச்சிங் கரைசல் நிற்கும் கழிவு வாளிக்குள் போயிற்று. கொதிநீரில் பிழைத்தது அதில் செத்தது.

உள்ளூர்க்காரரான சூப்பர்வைசர் அம்மா வந்து, நான் பத்திரமாகப் பிடித்திருந்த வெள்ளைப் படிவைப் பார்த்தார். கத்தவில்லை.

"இன்னா சார், பால்கோவா கிண்டப் போறீங்களா?" என்றார். என் முகத்தைப் பார்த்துக் குரல் தணிந்தது. "வூட்டாண்ட எதுனா பிரச்சினையா? போய் பேசிட்டு வாங்க. உடைக்காத செல்லு மீதி ஃப்ரீசர்ல கீது."

லாக்கர் முன்னால் நின்றபடியே மனைவியை அழைத்தேன்.

"குன்றத்தூர் ஸ்கிரீன்ல வந்துச்சு," என்றாள். "பாத்துக்கிட்டே இருந்தேன். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

பிறகு, "சாப்ட்டியளா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். கொட்டியதைச் சொல்லவில்லை.

மீதிச் செல்களை உடைத்து, மதியம் மறுபடி எழுபத்தைந்தில் வைத்தேன். கலங்கல் மெல்ல வெளுத்தது. இம்முறை தெளிவைத் துளி சிந்தாமல் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்தேன். அங்கே அது கெடாது. ஒரு வேலையும் செய்யாது. மூடிய கதவின்மேல் கை வைத்தபடி, குன்றத்தூரில் நான் பார்த்து வைத்த வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.