கை தூக்கும்போது டீ குடிக்கப் போனவர்

எங்கள் பஞ்சாலைச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆலை வாசல் கூட்டத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்லும் நேரம் பார்த்து டீக்கடைப் பக்கம் நழுவுகிறவர் முதலாளி பக்கம் என்றே கணக்கு. எதிர்த்துக் கை தூக்கியவனோடுகூட மறுநாள் பேசுவோம். டீ குடிக்கப் போனவனோடு பேச மாட்டோம். இதைக் கொண்டுவந்தவர் அப்போது செயலாளராக இருந்த அண்ணாச்சி. "வேண்டாம்னா வேண்டாம்னு நின்னு சொல்லுங்கலே. அதென்ன, அந்த நேரம் பாத்துத் தொண்டை வறளுது?" என்று மேலகரம் டீக்கடை வாசலிலேயே போய் நின்று ஏசுவார்.

அந்த வாய்க்காகத்தான் அவரை எம்.எல்.ஏ. ஆக்கினோம். ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டோம். என்னோடு வேலை பார்த்த சுந்தரபாண்டியபுரத்து அக்காவுக்குக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போனது.

போன வருஷம் அந்த அக்காவை ஆலைக்குள் விடவில்லை. ஒரு ஷிப்டு முடிந்த கையோடு அடுத்ததற்கும் நிற்கச் சொன்னார்கள், முடியாது என்றாள். அவ்வளவுதான் குற்றம். அவளைத் திரும்பச் சேர்க்கும்வரை வேலைநிறுத்தம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. பல வாரம் முன்னால் நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை நிறுத்தினால் சங்கத்தின் அங்கீகாரமே போய்விடும். அக்கா பதறவில்லை.

"அங்கன நம்ம அண்ணாச்சி இருக்காவல்லா," என்றாள்.

ஓட்டெடுப்பு அன்று அவள் வீட்டு டிவியில்தான் பார்த்தோம். அண்ணாச்சியும் அவர் கட்சிக்காரர்களும் கோஷம் போட்டுக்கொண்டே வெளிநடப்பு செய்தார்கள். மசோதா நிறைவேறியது. அவர்கள் உள்ளேயே இருந்து எதிர்த்திருந்தால் தோற்றிருக்கும், அத்தனை நெருக்கம். அது சட்டமாகி அமலுக்கு வந்த மறுநாளே மேனேஜர் அதைச் சொல்லி எங்கள் வாயை அடைத்தார். வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அக்கா இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறாள்.

முதலாளி கெடுத்தால் அது அவன் புத்தி என்று விட்டுவிடலாம். இவர் எங்கள் தூக்குவாளியில் கைவைத்துச் சாப்பிட்ட மனுஷன். கூட இருந்தே குழி பறித்துவிட்டார்.

சீசனில் சாரல் விழாவுக்குக் குற்றாலம் வந்தார். நானும் அக்காவும் கார்ப் பக்கம் காத்திருந்து மறித்தோம். ஏன் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை என்று கேட்டேன்.

"கட்சி முடிவும்மா. நாங்கதான் வெளிநடப்பு செஞ்சோம்லா, டிவில பாக்கலியா?"

"பாத்தோம் அண்ணாச்சி." அக்கா முந்திக்கொண்டாள். "வெளிய டீ நல்லா இருந்துச்சா?"

அவர் முகம் செத்துப்போனது. யாரோ கார்க் கதவைத் திறந்தார்கள். எங்களைப் பார்க்காமலே ஏறிக்கொண்டார்.